மரை தீர்ந்த போல்ட்

பெரிய போல்ட் கொண்டு வந்தீர்களா?

இல்லையா? மூன்று தடவை போன் செய்தேன். மூன்றாவது தடவை இங்கிலீஷில் பேசினேன்; தமிழில் பேசினால் உங்கள் ஆபீசில் யாருக்கும் காது கேட்பதில்லை. இதே தடிமன், இன்னும் நாலு அங்குல நீளம், எண்ணிக்கை இரண்டு என்று எழுத்துக் கூட்டிச் சொன்னேன். "எழுதிக்கிட்டேன் மேடம்" என்றான் ஒருவன். எதில் எழுதினான், தண்ணீரிலா? கடைசியில் கையை வீசிக்கொண்டு ஒரு ஆளை அனுப்பியிருக்கிறார்கள். உங்களைச் சொல்லவில்லை. நீங்களாவது வந்தீர்கள். உட்காருங்கள்.

அந்தக் கழுத்து அட்டையைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள். நப்பின்னை. நல்ல பெயர். போட்டோதான் சகிக்கவில்லை. பரவாயில்லை, அடையாள அட்டையில் எல்லாருமே திருடி மாதிரிதான் இருப்போம்.

எதற்குப் பெரிய போல்ட் என்றா கேட்கிறீர்கள்? அந்த வார்த்தையைக் கேட்கத்தான் பத்து மாதமாகக் காத்திருந்தேன். உங்கள் ஆட்கள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி "பாத்ரூம் எங்க மேடம்?" என்பதுதான். முதலிலிருந்து சொல்கிறேன், டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். முதலில் பெட்டியைப் பார்த்துவிடுகிறேன் என்கிறீர்களா? இந்த மழையிலா? மூன்று நாளாக விடாமல் ஊற்றுகிறது. பெட்டி எங்கேயும் ஓடிவிடாது. அதற்கு நான் பொறுப்பு.

அது என்ன பெட்டி என்று உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் எனக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். மேலே ஒரு செயற்கைக்கோள் போகிறது. பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை நம் தலைக்கு மேல் வந்து ரேடார் அலையை அனுப்புகிறது. திரும்பி வருவதை வைத்துப் பூமி ஏறியதா இறங்கியதா என்று மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்லுமாம். அது சொல்வது நிஜமா என்று யார் பார்ப்பது? அதற்குத்தான் இந்தப் பெட்டி. மூன்று அலுமினியத் தகட்டை மூலையாகச் சேர்த்து, வாயைப் பிளந்து வானத்தைப் பார்க்க வைத்திருக்கிறார்கள். வருகிற அலையை வந்த வழியே திருப்பி அடிக்கும். மேலே இருப்பதற்கு இது மட்டும் பளிச்சென்று ஒரு புள்ளியாகத் தெரியும். மாதத்துக்கு ஒரு தடவை இவர்கள் வந்து அதே பெட்டியைத் தரையிலிருந்து அளப்பார்கள். மேல் கணக்கும் கீழ்க் கணக்கும் ஒத்துப்போனால் செயற்கைக்கோள் பாஸ். சரிதானே? கான்வென்ட்டில் எனக்கு ஃபிசிக்ஸில் எண்பத்தெட்டு. சும்மா சொல்கிறேன்.

பிப்ரவரியில் வந்தார் உங்கள் டாக்டர் குலோத்துங்கன். பெயர் சோழ ராஜா. வேலை பார்த்த லட்சணத்தைச் சொல்கிறேன். இந்தச் சரிவில் மரம் மறைக்காமல் வானம் தெரிகிற இடம் என் தோட்டம்தான் என்றார். கீழே ஓக்டேல் லைன் இருக்கிறது, ஏழு வீடு, டீ ஃபாக்டரி ஆட்கள். அந்த ஏழு வீட்டுக்கும் மண்சரிவால் ஆபத்து வருமா என்று கண்டுபிடிக்கத்தான் இந்த ஏற்பாடு, நாட்டுக்காகச் செய்யுங்கள் மேடம் என்றார். என் வீட்டுக்காரர் செல்வின் போஸ்டாபீசில் முப்பது வருடம் இருந்தவர், கவர்மென்ட் என்றால் எழுந்து நிற்பார். சரி என்று சொல்லிவிட்டார். என்னைக் கேட்கவில்லை.

ஒரே நாளில் கான்க்ரீட் போட்டார்கள். நான் ஜன்னலிலிருந்தே சொன்னேன். "சார், பின்பக்கம் பாறை. முன்பக்கம் என் மாமனார் காலத்தில் கொட்டி நிரப்பின மண். அங்கே ஆழமாகத் தோண்டுங்கள்." "ஓகே மேடம்" என்றார். ஒரு முழம்கூடத் தோண்டவில்லை. அதன்மேல் மூன்று போல்ட்டை நட்டு, பெட்டியை உட்கார வைத்தார்கள். பின்னால் ஒரு கால், முன்னால் இரண்டு கால். ஒவ்வொரு போல்ட்டிலும் நட்டு. வெட் கிரைண்டருக்குக் கீழே திருகி உயரம் சரிசெய்கிற கால் இருக்குமே, அதே தினுசுதான். நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து மஞ்சள் பெயின்ட்டில் ஒரு இழுப்பு. குழந்தை கிறுக்கின மாதிரி. பார்க்கச் சகிக்கவில்லை.

போகும்போது குலோத்துங்கன் கையைக் கூப்பிக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா? கவனமாகக் கேளுங்கள், இதுதான் முக்கியம். "மேடம், நாங்க மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவோம். நீங்கதான் இதைக் கொஞ்சம் பாத்துக்கணும்."

பாத்துக்கணும்.

நீங்கள் சொல்லுங்கள், ஒரு வீட்டம்மாவிடம் பாத்துக்கணும் என்றால் என்ன அர்த்தம்? அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பாத்துக்கோ என்றால், பொங்கி வழிவதை நின்று ரசிப்பதா? காய்ச்சல்காரக் குழந்தையைப் பாத்துக்கோ என்றால், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பதா? பாத்துக்கொள்ளச் சொன்னார், நான் பாத்துக்கொண்டேன். தினமும் காலையில் உள்ளே விழுந்த இலையைப் பொறுக்கினேன். காக்கா எச்சத்தைத் துடைத்தேன், சீ, என்ன நாற்றம். மூலையில் தண்ணீர் தேங்கினால் துணியால் ஒற்றி எடுத்தேன். உங்கள் ஆட்கள் ஒரு தடவையாவது துடைத்திருப்பார்களா? வருவார்கள், முக்காலி ஸ்டாண்டை என் ரோஜாப் பாத்தியில் ஊன்றுவார்கள், ரோட்டோரப் பாறையில் அடித்த பித்தளை ஆணியிலிருந்து ஒருவன் கோலைப் பிடிக்க ஒருவன் கண்ணாடியில் பார்க்க, பெட்டியின் முன் விளிம்பில் இருக்கிற குமிழ் வரைக்கும் அளப்பார்கள். ஆரஞ்சுத் தோலை வேலியில் வீசிவிட்டுப் போவார்கள். படித்தவர்கள்!

மே மாதம் கோடை மழை பெய்து முடிந்ததும்தான் ஆரம்பித்தது. பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து பார்த்தால், பெட்டியின் மேல் விளிம்பும் என் ஜன்னல் கட்டையும் ஒரே கோட்டில் வரும். வைத்த அன்றே பார்த்துவிட்டேன், அதுவரை அது ஒன்றுதான் அதில் எனக்குப் பிடித்தது. ஒருநாள் பார்க்கிறேன், கோடு சேரவில்லை. முன்பக்கம் தாழ்ந்திருக்கிறது. எவ்வளவு? அரை நூல் இருக்கும். இன்னொருத்தி கண்ணில் பட்டிருக்காது. எனக்கு? சோற்றில் முடி கிடந்த மாதிரி. காபி குடிக்கும்போது கோணல். கீரை ஆயும்போது கோணல். ஜெபத்துக்கு முட்டி போட்டால் கண்ணுக்குள் கோணல்.

எங்கள் கான்வென்ட்டில் தையல் வகுப்பு எடுத்தவர் சிஸ்டர் க்ளோட்டில்டா. மடிப்புத் தையலில் ஒரு இழை விலகினால் திட்ட மாட்டார், அடிக்க மாட்டார். கத்தரிக்கோலை எடுத்து மொத்த ஓரத்தையும் வெட்டிவிட்டு, புன்சிரிப்போடு கையில் கொடுப்பார். அந்தக் கையில் வளர்ந்தவள் நான். என் வீட்டில் மாட்டியிருக்கிற போட்டோக்களைப் பாருங்கள். ஏதாவது ஒன்று சாய்ந்திருக்கிறதா? ஆங், பார்த்தீர்களா.

குளியலறை கட்டின மேஸ்திரி விட்டுவிட்டுப் போன ரசமட்டம் ஒன்று என்னிடம் இருந்தது. எடுத்துக்கொண்டு போய் விளிம்பில் வைத்தேன். குமிழி ஒரு பக்கமாக ஓடுகிறது. என் கண் தப்பாது. ஸ்பேனரை எடுத்தேன், முன்கால் நட்டு இரண்டையும் கால் திருப்பு. குமிழி நடுவில் வந்து நின்றது. என்ன நிம்மதி! அந்த மஞ்சள் கிறுக்கல் இரண்டாகப் பிரிந்து இன்னும் அசிங்கமாகிவிட்டது. கேட்டுக்கு அடித்த சில்வர் பெயின்ட் மிச்சம் இருந்தது, அதன்மேல் பூசிவிட்டேன். துருவும் பிடிக்காது.

செல்வின் பார்த்துவிட்டார். "சுகி, அது கவர்மென்ட் பொருள். தொடாத."

"பாத்துக்கச் சொன்னாங்கல்ல?"

"பாக்கத்தான் சொன்னாங்க."

"உங்க கையில கொடுத்தா வீடே கோணிக்கும். போய் பேப்பர் படிங்க."

போனார். இப்போது அவர் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு நாசரேத் போயிருக்கிறார். நல்லவேளை.

ஏன் எழுந்திருக்கிறீர்கள்? இன்னும் முடிக்கவில்லையே. டீ பிடிக்கவில்லையா? கீழே ஃபாக்டரியில் வாங்கின நல்ல தூள்தான்.

அடுத்த தடவை அளக்க வந்தார்கள். குலோத்துங்கன் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு என்ன சொன்னார்? "மேடம், உங்க பெட்டி சூப்பர். மேல இருந்து பாத்தாலும் அசைவு இல்லை, நாங்க அளந்தாலும் அசைவு இல்லை. மொத்தம் பதினோரு பெட்டி வச்சிருக்கோம், உங்களோடதுதான் நம்பர் ஒன்." எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன். மற்ற பத்துப் பெட்டியையும் யார் யார் வீட்டில் வைத்தார்களோ, எப்படிப் போட்டு வைத்திருக்கிறார்களோ.

அப்புறம் அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் சேலை மாற்றுவதற்கு முன்னால் ரசமட்டத்தோடு ஒரு நடை. இரண்டு வாரத்துக்கு ஒரு கால் திருப்பு. பிறகு வாரத்துக்கு ஒன்று. உங்கள் ஆட்கள் போட்ட கான்க்ரீட் அந்த லட்சணம். நான் அன்றைக்கே சொன்னேன் நிரப்பின மண் என்று.

இதற்கு நடுவில் கீழே லைனிலிருந்து அம்சவேணி. முதல் வீட்டுக்காரி, வேலிக்கு நேர் கீழே. அவள் புருஷன் பொன்னையா சவுக்கு மரம் வெட்டும்போது விழுந்து, தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. அவளுக்கு என்ன கஷ்டம் இருந்தாலும் வேலிக்கு வந்து என்னிடம்தான் சொல்வாள். ஆபீசர்களிடம் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே இங்கே.

"மேல்வீட்டம்மா, தோசை ஊத்துனா ஒரு பக்கம் தடிசா வருது."

"கல்லைத் திருப்பிப் போடு."

"திருப்பிப் போட்டாலும் அதே பக்கந்தாம்மா. குழம்பு வச்சா சாஞ்சு நிக்குது. வாசக்கதவு நெலையில இடிக்குது. வீடு எறங்குதோன்னு பயமா இருக்கு."

எனக்கு வந்ததே ஒரு வெறுப்பு! தோசை வார்க்கத் தெரியாததற்குப் பூமி மேல் பழி. விஷயம் என்ன தெரியுமா? கீழே பஜார் பக்கத்தில் கவர்மென்ட் புது வீடு கட்டியிருக்கிறார்கள், டைல்ஸ் போட்டு. சரிவு என்று சொன்னால் அங்கே கொடுத்துவிடுவார்களாம். அதற்குத்தான் இந்த நாடகம் என்று நினைத்தேன். முகத்துக்கு நேரே சொன்னேன். "உனக்கு டைல்ஸ் வீடு வேணும்னா நேராக் கேளு. தோசையை ஏன் இழுக்குற?" அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அறுபத்திரண்டு படி. அவள் எண்ணிச் சொன்னதுதான், எனக்கு எப்படித் தெரியும், நான் இறங்கினதே இல்லை.

அக்டோபரில் அந்த மீட்டிங். அது உங்களுக்குத் தெரிந்திருக்கும், அறிக்கை உங்கள் ஃபைலில் இருக்குமே. கீழே லைன் வீட்டுத் தகரக் கூரைகள் இறங்குகின்றன என்று செயற்கைக்கோள் காட்டியதாம். உடனே வி.ஏ.ஓ. வந்து ஏழு வீட்டையும் பள்ளிக்கூடத்துக்கு மாறச் சொன்னார். மூட்டை கட்டிவிட்டார்கள். பொன்னையாவை நாற்காலியோடு தூக்க நாலு பேர் தயார். அப்போதுதான் குலோத்துங்கன் வந்து சர்ச் ஹாலில் எல்லாரையும் உட்கார வைத்துப் படம் போட்டுக் காட்டினார். கூரையெல்லாம் சிவப்பு, நடுவில் என் பெட்டி பச்சை. "பாருங்க, பெட்டி இருக்கிற இடத்துல மேல் கணக்கும் தரைக் கணக்கும் ஒத்துப்போகுது. அசைவு இல்லை. இருபதடி தள்ளி இருக்கிற கூரை மட்டும் எப்படி இறங்கும்? மழை, தேயிலைச் செடி, தகரம், இதெல்லாம் சேர்ந்து காட்டுற பொய்த் தோற்றம் அது. யாரும் பயப்பட வேண்டாம்." இதுதான் அவர் சொன்னது.

அம்சவேணி எழுந்தாள். "சார், எங்க வீட்டுக் கதவு…"

அவர் சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன். "அம்சா, உக்காரு. பெட்டி என் தோட்டத்துல இருக்கு. நான் வாராவாரம் ரசமட்டம் வச்சுப் பாக்குறேன். ஒரு நூல்கூட நகரலை. நான் சொல்றேன், மூட்டையை அவிழு."

அவிழ்த்தாள். ஏழு வீட்டிலும் அவிழ்த்தார்கள். டாக்டர் சொன்னதற்காக இல்லை. அவர் பேசின தமிழ் பாதி பேருக்குப் புரியவில்லை. மேல்வீட்டம்மா சொன்னதற்காக. கூட்டம் முடிந்ததும் குலோத்துங்கன் என் கையைக் குலுக்கினார். ரசமட்டம் என்று சொன்னேனே, அதென்ன என்று கேட்டாரா? கேட்கவில்லை. பிஸ்கட் சாப்பிட்டார்.

சரி, போல்ட்டுக்கு வருகிறேன். இந்த மாதம் மழை பிடித்ததிலிருந்து சனியன் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஒரு வாரத்துக்கு ஒரு திருப்பு போதாது என்றாகிவிட்டது. நட்டு மேலே மேலே ஏறி, இன்று காலை போல்ட்டின் உச்சிக்கு வந்துவிட்டது. போல்ட்டில் நட்டு ஏறுகிற மரை தீர்ந்துபோயிற்று. இனிமேல் ஏற்ற இடமில்லை. இப்படி ஆகும் என்று தெரிந்துதான் திங்கட்கிழமையிலிருந்து போன் செய்கிறேன், பெரிய போல்ட் கொடுங்கள் என்று. இதுதான் விஷயம். இவ்வளவுதான். ஒரு போல்ட் கொடுக்க வக்கில்லாதவர்கள் வானத்தில் செயற்கைக்கோள் விடுகிறார்கள்.

என்ன? எத்தனை திருப்பு என்றா? நினைவிருக்கிறதாவா? நினைவு எதற்கு, எழுதியிருக்கிறேனே. காலண்டரைக் கழற்றுகிறேன், இருங்கள். கேஸ் வந்த தேதி, பால்காரன் வராத நாள், எல்லாம் இதில்தான் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் சின்னதாக 'தி' என்று போட்டிருக்கிறதே, அதுதான் திருப்பு. நான் படிக்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், என் கையெழுத்து அழகுதான், ஆனால் பொடிசு.

ஜூன், மொத்தம் அரை. ஜூலை, ஒன்று. ஆகஸ்ட், ஒன்றரை. செப்டம்பர், இரண்டு. அக்டோபர், நாலரை. நவம்பர் முதல் ஞாயிறு ஒன்றரை. இரண்டாவது ஞாயிறு இரண்டு. மூன்றாவது ஞாயிறு, அதாவது போன வாரம், மூன்று. அப்புறம் ஞாயிறு வரைக்கும் பொறுக்க முடியவில்லை, தினமும் போக வேண்டியதாயிற்று. வியாழன் ஒன்று. நேற்று ஒன்றரை. இன்று காலை மூன்று.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

இன்று காலை மூன்றுதான். ஆறு மணிக்கு. ஆமாம், நிச்சயம். நான் தப்பாக எண்ண மாட்டேன். நேற்று சாயங்காலம் மட்டம் பார்த்துத்தான் படுத்தேன், ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கூட்டிவிட்டீர்களா? இருபத்தொன்றரை திருப்பு. ஒரு திருப்புக்கு ஒன்றே முக்கால் மில்லிமீட்டரா? அப்படியா? ஓ. முப்பத்தெட்டு மில்லிமீட்டர். கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர்.

இல்லையே. அது எப்படி? என் பெட்டி ஏறவில்லையே. ஜன்னல் கட்டைக்கு நேராக எப்போதும் அதே இடத்தில்தான் இருந்தது. நான் பார்த்துப் பார்த்துத்தானே வைத்தேன். நாலு சென்டிமீட்டர் ஏற்றியிருந்தால் அது மேலே போயிருக்க வேண்டுமே.

நான் ஏற்றியிருக்கிறேன். அது ஏறவே இல்லை.

பேசாதீர்கள். கீழே மண்தான் இறங்கியிருக்கிறது.

பத்து மாதத்தில் ஒருத்தன், ஒரே ஒருத்தன் என்னைக் கேட்டிருக்க வேண்டாமா? "மேடம், நீங்க இதைத் தொடுறீங்களா?" நாலே வார்த்தை. இலை பொறுக்குவதைப் பார்த்திருக்கிறார்கள். சில்வர் பெயின்ட் பளபளப்பது தெரியவில்லையா? இவர்கள் வைத்த மஞ்சள் கோடு எங்கே என்று தேடவில்லையா? அந்தக் கோடு அதற்குத்தானா? நட்டு திரும்பினால் தெரிய வேண்டும் என்றா? தூ. அதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். நான் கிறுக்கல் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

யாராக இருந்தாலும் என்று சொல்லக்கூடாதோ.

செய்யுங்கள், போன் செய்யுங்கள். ஜன்னல் பக்கம் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். என்ன சொல்கிறார்கள்? ம். ம். லைனைக் காலிசெய்யத் தாசில்தார் கையெழுத்து வேண்டுமா? நாளைக்கா? நாளை ஞாயிற்றுக்கிழமை, அதனால் திங்களா? நப்பின்னை, இன்று காலை மட்டும் மூன்று என்று சொன்னீர்களா அவர்களிடம்? சொல்லியுமா திங்கள் என்கிறார்கள்? வையுங்கள் போனை. அந்த ஆளிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்று.

அது என்ன எழுதுகிறீர்கள், இங்கே காட்டுங்கள். 'கருவிக் கோளாறு காரணமாக'. எனக்காகவா இப்படி எழுதுகிறீர்கள்? நல்ல மனசு உங்களுக்கு. அடித்துவிடுங்கள். கருவி என்ன செய்தது, பாவம்? அது ஒவ்வொரு வாரமும் ஒழுங்காகச் சாய்ந்து காட்டியது, நான்தான் நிமிர்த்தி நிமிர்த்தி வைத்தேன். சுகிர்தா செல்வின் என்று எழுதுங்கள். சுகிதா இல்லை, சுகிர்தா. எல்லாரும் அந்த ரகர ஒற்றை விழுங்கிவிடுவார்கள். சரி, அப்புறம் எழுதலாம். எழுந்திருங்கள். பின்கதவு வழியாக வாருங்கள், வேலிக்கு அதுதான் பக்கம்.

"அம்சா! ஏய் அம்சவேணீ!"

புகை வருகிறது, உள்ளேதான் இருக்கிறாள்.

"என்னாம்மா?"

"எல்லாரையும் கூட்டிட்டு மேல வா! ஏழு வீடும்! இப்பவே!"

"மழை விடட்டும்மா! உலையில அரிசி போட்டுட்டேன்!"

"அரிசி கிடக்கட்டும்! சரிவு எறங்குதுடி! வீட்டை விட்டு வெளிய வா!"

"அதான் எறங்கலைன்னு மீட்டிங்குல சொன்னீங்களே! இப்ப என்னா புதுசா?"

சிரிக்கிறாள் பாருங்கள். அன்றைக்கு மீட்டிங்கில் குலோத்துங்கன் சிரித்த மாதிரியே சிரிக்கிறாள்.

"நான் சொன்னது தப்பு!"

"என்னாது?"

"தப்பா சொல்லிட்டேன்!"

"கேக்கலைம்மா! தகரத்துல மழை போடுது!"

இன்னும் எத்தனை தடவை கத்தச் சொல்கிறாள்? எனக்கு ஐம்பத்திரண்டு வயது. என் புருஷனிடம்கூட இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அடுத்த வீட்டுக் கதவும் திறக்கிறது பாருங்கள், எல்லாரும் வெளியே வந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

"தப்புடி! பெட்டி எறங்கிச்சு! வாராவாரம் எறங்கிச்சு! நான்தான் ஏத்தி ஏத்தி வச்சேன்! என் பேச்சைக் கேட்டு உக்காந்திருக்காதீங்க! கிளம்புங்க எல்லாரும்!"

இப்போது கேட்டுவிட்டது. சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சிவப்புச் சேலைக்காரி குழந்தையை வாரி எடுத்துவிட்டாள், நல்லது. அடுத்த வீட்டுக்காரரும் படிக்கு வந்துவிட்டார். அம்சா மட்டும் ஏன் அப்படியே நிற்கிறாள்?

"அம்சா, என்னடி?"

"அவரு எப்படிம்மா ஏறுவாரு? தொடை வரைக்கும் கட்டு. தூக்குற ஆளுங்க எல்லாம் ஃபாக்டரி ஷிப்டுல இருக்காங்க."

உள்ளே திரும்புகிறாள். புருஷனை விட்டுவிட்டு வரமாட்டாள். அவள் இடத்தில் யார்தான் வருவார்கள்?

"அங்கயே இரு! நாங்க வர்றோம்!"

என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அந்தப் படியில் நான் கால் வைத்ததே இல்லை, எங்கே வழுக்கும் என்று கேட்டுத்தான் போக வேண்டும். அதோ, ஏறி வருகிறாரே அவரிடம் கேட்போம். ஆள் கனமான ஆள், நனையப்போகிற கட்டு வேறு. அவள் இடுப்பைப் பிடிப்பாள், நீங்கள் தலைப்பக்கம் பிடியுங்கள், நான் காலைப் பிடித்துக்கொள்கிறேன். அந்தக் குடையைக் கீழே போடுங்கள், கை இரண்டும் வேண்டும்.